கதவைத் தட்டினால் நாடு தெரியுமா?

தஞ்சாவூர் புறவழிச்சாலையில் பழைய கார் விற்கும் இடம் எதிலாவது அரை மணி நேரம் நின்று பாருங்கள். ஒரே காட்சி திரும்பத் திரும்ப நடக்கும். வாங்க வந்தவர் முதலில் பானட்டைத் திறக்கமாட்டார். சந்தையில் பானை வாங்குகிறவர் மாதிரி விரல் முட்டியால் கதவைத் தட்டுவார். பிறகு கதவைத் திறந்து மூடுவார். சத்தம் 'டப்' என்று கனமாக விழுந்தால் முகம் மலரும். 'டங்' என்று கேட்டால், "தகரங்க இது" என்று அடுத்த வண்டிக்கு நகர்ந்துவிடுவார். அடுத்ததாகப் பேச்சில் கட்டாயம் ஒரு நாட்டின் பெயர் வரும். ஜெர்மன்காரன் வண்டி கோட்டை. ஜப்பான்காரன் வண்டிக்கு ரிப்பேரே கிடையாது. கொரியாக்காரன் மினுக்கிக் காட்டுவான். நம்ம ஆள் செய்தது என்று தொடங்கினால் மட்டும் யாரும் முடிப்பதில்லை, உதட்டைப் பிதுக்குவதோடு சரி.

டெல்டாவில் இந்தப் பேச்சுக்குச் சூடு கொஞ்சம் அதிகம். கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் என்று கடல் தாண்டிப் பிழைக்கப் போய்த் திரும்பியவர்கள் நிறைந்த ஊர்கள் இங்கே உண்டு. அங்கே ஓட்டிய வண்டியை மனதில் வைத்துக்கொண்டு இங்கே நிற்கிற வண்டியை எடை போடுவார்கள். எனக்குத் தெரிந்த கூத்தாநல்லூர் பாய் ஒருவர் ரியாத்தில் பல வருடம் டிரைவராக இருந்தவர். "அங்க நான் ஓட்டுன வண்டியோட பாடியே வேற தம்பி, ஃபாரின் ஃபாரின்தான்" என்பார். ஒருநாள் அந்த வண்டியின் பழைய பதிவு அட்டைப் படம் அவர் போனிலேயே கிடைத்தது. சேஸ் நம்பர் எம்ஏ என்று தொடங்கியது. நம் நாட்டில் செய்து கப்பலேற்றிய கார். பாய் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார். "அப்படின்னா அது எக்ஸ்போர்ட் குவாலிட்டியா இருக்கும்" என்றார். சமாளிக்கிறார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். பிறகு யோசித்தபோது, அவர் சொன்னதில் பாதி சரி என்று பட்டது.

அந்தச் சேஸ் நம்பரைப் பற்றி ஒரு வார்த்தை. மொத்தம் 17 இடங்கள். முதல் எழுத்தே பெரும்பாலும் நாட்டைக் காட்டிக்கொடுத்துவிடும்: ஜே என்றால் ஜப்பான், டபிள்யூ ஜெர்மனி, கே கொரியா, எல் சீனா, 3 மெக்சிகோ. எம் என்பதை மட்டும் வைத்து இந்தியா என்று சொல்லிவிட முடியாது, தாய்லாந்தும் இந்தோனேசியாவும் அதே எழுத்தில்தான் இருக்கின்றன. இரண்டாவது எழுத்து ஏ முதல் ஈ வரைக்குள் இருந்தால் இந்தியா. இதிலும் ஓட்டை உண்டு. தென்னாப்பிரிக்காவில் பூட்டிய ஜெர்மன் கார்கள் ஜெர்மன் எழுத்தோடே ஓடியிருக்கின்றன. எந்த ஆலையில் செய்தது என்பதற்குப் பெரும்பாலும் 11ஆவது இடத்தைப் பார்க்க வேண்டும்.

நாட்டை வைத்துத் தரம் சொல்லும் பழக்கம் வெறும் மூடநம்பிக்கையும் இல்லை. நம் அப்பாக்கள் காலத்தில் அது உண்மைதான். 1950களின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு, அம்பாசடர் என்ற பெயரில் 2014 வரை வந்துகொண்டிருந்தது. ஃபியட் 1100, பத்மினியாக ஓடியது. நம் பக்கத்துக்குச் சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார்ஸின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அந்த நிறுவனம் 1985இல் ஆசையோடு கொண்டுவந்த ஸ்டாண்டர்டு 2000 எடுபடவில்லை. 1988இல் ஆலையே மூடப்பட்டது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது அதன் கதவு தகரமாகத்தான் ஒலித்தது. ஆனால் காலையில் ஒரே சாவித் திருப்பலில் கிளம்பியது, மழையில் ஒழுகவில்லை. 'ஜப்பான் என்றால் ஜப்பான்தான்' என்ற முடிவு அன்றைக்கே நம் வீட்டுத் திண்ணைகளில் எழுதப்பட்டுவிட்டது. அந்த ஜப்பான் வண்டியைப் பூட்டியவர்கள் ஹரியானாக்காரர்கள் என்பதை யாரும் கவனிக்கவில்லை. பழைய வண்டிகளுக்குக் கெட்ட பெயர் வந்ததற்குக் காரணம் செய்த கையா, வருடக்கணக்கில் காத்திருந்தாவது வாங்கியே தீரவேண்டிய போட்டியில்லாத சந்தையா? நான் இரண்டாவதைச் சொல்வேன்.

கையைப் பற்றிப் பேச நம் டெல்டாவைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. சுவாமிமலையில் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்தக் கூட்டில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். ஒரு நடராஜர் போல இன்னொரு நடராஜர் இருக்க வழியில்லை, அதில்தான் அதன் பெருமை. நாச்சியார்கோவில் குத்துவிளக்கில் ஒன்றின் தண்டை இன்னொன்றின் பாதத்தில் திருகிப் பாருங்கள், சரியாக உட்காரும் என்று உத்தரவாதம் கிடையாது. கார் ஆலை இதற்கு நேர் எதிர். அங்கே ஒன்று போல இன்னொன்று இல்லை என்பதற்குப் பெயரே குறை. ஆயிரமாவது கதவும் முதல் கதவு உட்கார்ந்த இடத்தில், அதே சில மில்லிமீட்டர் இடைவெளியில் உட்கார வேண்டும். உட்காராத கதவை ரப்பர் சுத்தியலால் தட்டிச் சேர்க்க ஆள் நிறுத்தியிருந்தால், அந்த ஆலையில் முந்தைய வேலை எங்கேயோ கோணலாகிவிட்டது என்று பொருள். கைத்திறன் மிகுந்த நாடு நல்ல கார் செய்யும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் தேவைப்படுவது கைத்திறன் தேவைப்படாதபடி வேலையை அமைக்கிற திறன்.

இதற்கு ஒரே ஓர் ஆலையின் கதை போதும். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை ஒன்று இருந்தது. அமெரிக்காவிலேயே மோசமான தொழிலாளர்கள் என்று பெயர் வாங்கிய இடம். எந்த நாளிலும் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வரமாட்டார், வேலை நேரத்தில் குடி, தொழிற்சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் ஓயாத சண்டை. 1982இல் இழுத்து மூடினார்கள். 1984இல் ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் கூட்டுச் சேர்ந்து அதைத் திறந்தன. நிர்வாகம் டொயோட்டா கையில். வேலைக்கு எடுத்ததில் பெரும்பாலோர் அதே பழைய ஆட்கள், சங்கமும் அதேதான். சில நூறு பேரை ஜப்பானுக்கு அனுப்பி டகாவோகா ஆலையில் நிற்கவைத்துக் காட்டினார்கள். அவர்கள் அங்கே பார்த்து அசந்துபோனது ஒரு கயிற்றை. எந்தத் தொழிலாளியும் குறை கண்டால் அதை இழுக்கலாம். மேஸ்திரி ஓடிவந்து "என்ன உதவி வேண்டும்" என்று கேட்பார். தீராவிட்டால் வரிசையே நிற்கும். பழைய ஃப்ரீமான்டில் வரிசையை நிறுத்துவதைவிடப் பெரிய பாவம் கிடையாது. இன்ஜினைத் தவறாகப் பூட்டினாலும் வண்டி நகர்ந்துகொண்டே இருக்கும், பிறகு வெளியே நிறுத்திப் பிரித்துச் சரிசெய்வார்கள்.

இரண்டு வருடத்துக்குள் அந்த ஆலையின் கார்கள் தரத்தில் ஜப்பான் ஆலையின் கார்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றன. நாடு மாறவில்லை, ஆட்கள் மாறவில்லை, கூரைகூட மாறவில்லை.

கதை இன்னும் முடியவில்லை. அதே வரிசையில் டொயோட்டா கொரோலாவும் செய்தார்கள், பெயரை மட்டும் மாற்றி, ஜெனரல் மோட்டார்ஸ் விற்பதற்காக ஜியோ பிரிஸம் என்ற காரும் செய்தார்கள். பெயர்ப்பலகையும் சில அலங்காரங்களும் தவிர இரட்டைப் பிள்ளைகள். ஆனால் பழைய கார் சந்தையில் கொரோலாவுக்கே கூடுதல் விலை கிடைத்தது. ஒரே மில்லில் அரைத்து இரண்டு சாக்கில் கட்டிய அரிசிதான், சாக்கில் இருக்கிற படம் வேறு. (அரிசி என்றதும் நினைவு வருகிறது. காவிரியின் பெயரையே தாங்கியிருக்கும் பொன்னிக்கு மூலம் மலேசியாவில் உருவான மசூரி. அதை வெளிநாட்டு அரிசி என்று மன்னார்குடியில் சொல்லிப் பாருங்கள்!) 2010இல் அந்தக் கூட்டாலை முடிந்தது. கட்டடத்தை டெஸ்லா வாங்கியது. 2018 வாக்கில் அங்கே அவசர அவசரமாகச் செய்து தள்ளிய மாடல் 3 கார்களில் பாடி இடைவெளிகள் கோணல்மாணலாக இருப்பது உலகப் பேச்சாகிவிட்டது. உற்பத்தியை வேகமாக ஏற்றும்போது தரம் தடுமாறுகிறது என்று எலான் மஸ்க்கே பிறகு ஒப்புக்கொண்டார். ஒரே கூரையின் கீழ் மோசம், அருமை, மறுபடி தடுமாற்றம். 'அமெரிக்க பில்டு' என்று இதில் எதைச் சொல்வது?

1980களின் கடைசியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உலகம் முழுக்க ஆலை ஆலையாகப் போய் அளந்தார்கள். பெருவாரி உற்பத்தி ஆலைகளில், பூட்டும் வேலையின் தரத்தில் முதலிடம் பிடித்தது ஜப்பானில் இல்லை. மெக்சிகோவின் எர்மோசியோ நகரில் இருந்த ஃபோர்டு ஆலை. நம் பக்கத்திலும் இப்படி ஒன்று உண்டு. தரக் கட்டுப்பாட்டுக்கு ஜப்பான் தருகிற டெமிங் பரிசை 1998இல் வாங்கியது சென்னையில் பாடி என்ற பகுதியிலிருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு. இந்திய நிறுவனம் ஒன்றுக்கு அதுவே முதல்முறை. டெமிங் ஓர் அமெரிக்கர், 1950இல் ஜப்பானுக்குப் போய்ப் பாடம் எடுத்தவர். அமெரிக்கன் சொன்னதை ஜப்பான்காரன் கேட்டான், ஜப்பான்காரன் பரிசைப் பாடிக்காரன் வாங்கினான். தரம் ஒரு நாட்டின் மண்ணில் விளைவதாக இருந்தால் இப்படி ஊர் ஊராகப் போயிருக்குமா?

சரி, கதவைத் தட்டினால் கேட்கும் அந்த 'டப்' என்ன? பெரும்பாலான கார்களில் கதவின் வெளித்தகடு ஒரு மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. ஜெர்மன் காரிலும் அப்படித்தான். உள்பக்கம் ஒட்டிய அதிர்வுத் தடுப்புப் பட்டை, கதவோர ரப்பர், பூட்டின் அமைப்பு இவை சேர்ந்து அந்தச் சத்தத்தை உண்டாக்குகின்றன. விலை உயர்ந்த கார்களில் இந்த ஒரு சத்தத்தைச் சரியாக்குவதற்கென்றே பொறியாளர்கள் இருக்கிறார்கள். நாம் விரலால் தட்டுவோம் என்பது அவர்களுக்குத் தெரியும். உயிர் காக்கும் இரும்பு தட்டுகிற இடத்தில் இல்லை. பக்கவாட்டுத் தூண்களிலும் காலடிச் சட்டத்திலும் கதவுக்குள் ஒளிந்திருக்கும் குறுக்குக் குழாயிலும் இருக்கிறது. சூடாக்கி அழுத்திச் செய்யும் உயர்வலுவுள்ள எஃகு, அதே தடிமனுள்ள சாதாரண எஃகைவிட நாலைந்து மடங்கு இழுவிசை தாங்கும். கனத்துக்கும் பலத்துக்கும் இருந்த பழைய உறவு அறுந்துபோய் வெகுகாலமாயிற்று. "சும்மா இடிச்சதுக்கே முன்பக்கம் நசுங்கிடுச்சு" என்று புலம்புகிறோம். நசுங்குவது அதன் வேலை. முன்பக்கம் நசுங்கி மோதலை வாங்கிக்கொள்ள வேண்டும், ஆள் உட்காரும் கூடு நசுங்கக்கூடாது. பேலா பாரெனி என்ற மெர்சிடிஸ் பொறியாளர் 1950களின் தொடக்கத்திலேயே இதற்குக் காப்புரிமை வாங்கினார், 1959இல் அது காராகவும் வந்துவிட்டது.

பாயின் 'எக்ஸ்போர்ட் குவாலிட்டி'க்கு இப்போது வரலாம். அது பாதி சரி என்றேன். ஆலையில் போல்ட் முடுக்குகிற பையனுக்கு அந்த வண்டி ரியாத்துக்குப் போகிறதா மன்னார்குடிக்குப் போகிறதா என்பதில் அக்கறை இல்லை. முடுக்குகிற கருவி இரண்டுக்கும் ஒரே அளவில்தான் நிற்கும். மாறுவது வண்டிக்கு என்னென்ன போட வேண்டும் என்று மேலிருந்து வருகிற பட்டியல். 2016இல் நடந்த ஒரு மோதல் சோதனை இதைக் கண்முன் காட்டியது. மெக்சிகோ சந்தைக்கான நிஸான் சுரு ஒரு பக்கம், அமெரிக்காவில் விற்கும் நிஸான் வெர்சா மறுபக்கம், எதிரெதிரே மோதவிட்டார்கள். இரண்டும் மெக்சிகோவில் செய்தவை, இரண்டும் ஒரே ஜப்பானிய நிறுவனத்தின் கார்கள். வெர்சாவின் கூடு நின்றது. சுருவில் இருந்த பொம்மை மனிதராக இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார். அமெரிக்காவில் சுருவை விற்கச் சட்டம் விடாது, மெக்சிகோவில் விட்டது. அவ்வளவுதான் வித்தியாசம். அடுத்த வருடமே சுருவின் உற்பத்தி நின்றது.

நம் கதையும் இதே போலத்தான். 2014இல், கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு ஐந்து வரை நட்சத்திரம் தரும் குளோபல் என்கேப் என்ற அமைப்பு நம் ஊரில் விற்ற ஐந்து கார்களை, ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல்களாகப் பார்த்து மோதவிட்டது. ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ. கொரியா, அமெரிக்கா, ஜெர்மனி, ஜப்பான், இந்தியா என்று எல்லா நாட்டுப் பெயரும் அதில் இருந்தது. எல்லோருக்கும் பூஜ்யம். அதே போலோவில் இரண்டு ஏர்பேக் வைத்து மோதியபோது நாலு நட்சத்திரம், ஏனென்றால் அதன் கூடு ஏற்கெனவே உறுதியாக இருந்தது. வேறு சில வண்டிகளில் கூடே குலைந்திருந்தது, ஏர்பேக் வைத்தாலும் பயனில்லை என்றார்கள். ஜெர்மன்காரனுக்கு இந்த ஒரு புள்ளியை நான் விட்டுக்கொடுப்பேன். 2018 டிசம்பரில் புனே அருகே ரஞ்சன்காவில் செய்த டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. 2024இல் மாருதி டிசையரும் வாங்கியது. இடையில் நடந்தது என்ன? 2019இல் டிரைவர் பக்க ஏர்பேக்கும், பிரேக் அடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் கட்டாயமாயின, மோதல் சோதனை விதிகள் வந்தன, 2023 அக்டோபரில் நம் நாட்டுக்கென்றே பாரத் என்கேப் என்ற நட்சத்திரச் சோதனை தொடங்கியது. வாங்குகிறவர்களும் நட்சத்திரம் எத்தனை என்று கேட்கப் பழகினார்கள். பத்து வருடத்தில் பூஜ்யத்திலிருந்து ஐந்துக்கு வந்த நாட்டின் 'பில்டு குவாலிட்டி' என்று எந்த வருடத்தைக் காட்டுவீர்கள்? இன்றைக்கு மாருதியின் ஃப்ரான்க்ஸ் ஜப்பானுக்கே கப்பலேறுகிறது. அங்கே போகிற வண்டியில் நான்கு சக்கர இயக்கம் உண்டு, நமக்கு விற்கிற ஃப்ரான்க்ஸில் அது கிடையாது. பாய் சொன்ன பாதி அதுதான்.

இதையெல்லாம் தாண்டி, டெல்டாவுக்கென்று தனிச் சோதனைக்கூடம் ஒன்று இருக்கிறது. அதற்கு நட்சத்திரம் கிடையாது. நாகப்பட்டினம் முதல் கோடியக்கரை வரை கடற்காற்று உப்பைத் தூவிக்கொண்டே இருக்கும். வேதாரண்யத்தில் உப்பு எப்படி விளைகிறது என்று 1930இலேயே நாடு பார்த்தது. அந்தக் காற்றில் நிற்கிற வண்டிக்குக் கதவின் கனம் உதவாது. தகட்டின்மேல் துத்தநாகப் பூச்சு இருக்கிறதா, மகாமகக் குளத்தில் முழுக்குப் போடுகிற மாதிரி பாடி முழுவதையும் தொட்டியில் முக்கி மின்சாரத்தால் ஏற்றிய முதல் பூச்சு மூலைமுடுக்கெல்லாம் போயிருக்கிறதா என்பதே கேள்வி. துத்தநாகம் முதலில் தான் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றும். பனி உருக ரோட்டில் உப்பு கொட்டுகிற ஐரோப்பாவில் இதை அனுபவித்துக் கற்றார்கள். 1980இல் பிரிட்டனில் இத்தாலியின் லான்சியா பீட்டா கார்கள் துருப்பிடித்து மானம் போக, நிறுவனமே பல வண்டிகளைத் திரும்ப வாங்கவேண்டி வந்தது. ஆடி 1980களின் நடுவிலேயே முழு பாடிக்கும் துத்தநாகம் பூசத் தொடங்கிவிட்டது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நாம் இன்றைக்கும் ஜெர்மன் இரும்பைப் புகழ்கிறோம். அவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது அவர்கள் ரோட்டு உப்பு.

புழுக்கம் செய்கிற வேலை இன்னும் மோசம். டகாடா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் ஏர்பேக்குகளில் அமோனியம் நைட்ரேட் இருந்தது. வெப்பமும் ஈரப்பதமும் மாறி மாறி வருடக்கணக்கில் தாக்கினால் அது பழுதாகி, வெடிக்கும்போது உலோகச் சில்லுகளை ஆள்மேல் வீசியது. உலகம் முழுக்கச் சுமார் 10 கோடி ஏர்பேக்குகளைத் திரும்பப் பெற்றார்கள். அமெரிக்காவில் புளோரிடா போன்ற புழுக்கமான கரையோரங்களுக்குத்தான் முன்னுரிமை கொடுத்தார்கள். மே மாத நாகப்பட்டினத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஜப்பானியப் பெயர், அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் இருந்த ஆலைகள், ஜெர்மன் கார் முதல் இந்தியாவில் ஓடிய கார் வரை அதே பாகம். பழைய வண்டி வாங்குகிறவர்கள் சேஸ் நம்பரை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டு, திரும்பப் பெறும் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

எலியை விட்டுவிட்டால் டெல்டாக் கட்டுரை ஆகாது. சம்பா அறுவடை முடிந்ததும் வயலெலி வீட்டுப் பக்கம் வரும், காரின் பானட்டுக்குள் கதகதப்பாகக் குடியேறும், வயரைக் கடிக்கும். சோயாவிலிருந்து செய்த வயர் உறைதான் எலியை இழுக்கிறது என்று அமெரிக்காவில் வழக்கே போட்டார்கள். ஹோண்டா, மிளகாய்க் காரம் ஏற்றிய டேப்பே விற்கிறது. நம் ஆட்கள் மூங்கிலில் செய்த எலிப்பொறியான தஞ்சாவூர்க் கிட்டியை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். மாசி, பங்குனியில் உளுந்துச் செடியையும் பயற்றஞ்செடியையும் ரோட்டில் பரப்பி வண்டிச் சக்கரத்தாலேயே போரடிக்கும் பழக்கம் வேறு. அந்தக் கொடி அடியில் அச்சைச் சுற்றிக்கொண்டு, சூடான சைலன்சரில் உரசிப் புகைந்தால், கார் எந்த நாட்டில் செய்தது என்று அது விசாரிக்காது.

போன மாதம் பாய் ஒரு பழைய வண்டி பார்க்க என்னையும் கூப்பிட்டார். கை பழக்கத்தில் கதவுக்குப் போயிற்று, ஒரு தட்டு தட்டினார். நல்ல 'டப்'. விற்பவர், "ஜெர்மன் பில்டு பாய், இப்ப இப்படிக் கிடைக்காது" என்றார். பாய் பேசவில்லை. டிக்கியைத் திறக்கச் சொன்னார். விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னியைக் கழற்றி வெளியே வைக்கச் சொன்னார். குனிந்து அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் விரலை விட்டுச் சுற்றினார். மணல் வந்தது, கூடவே செம்பொடி. கதவுக்கு அடியில் தண்ணீர் வடியும் ஓட்டையில் ஒரு தென்னங்குச்சியை விட்டுப் பார்த்தார், உள்ளே போகவில்லை.

"யாரு வச்சிருந்த வண்டி?"

"ஒரே ஓனருங்க பாய். டாக்டர் வண்டி. வேளாங்கண்ணி, கடற்கரைக்குப் பக்கத்துலயே வீடு."

பாய் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, சொன்ன விலையில் எழுபதாயிரம் குறைத்துக் கேட்டார்.